யூதச் சமயச் சட்டம் (ஹலகா): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள் ஆர்த்தடாக்ஸ் (மரபு வழுவாத) யூதர்களின் நடைமுறையை ஒட்டியவை. அஷ்கெனாசி மரபும் (ஜெர்மனி, கிழக்கு ஐரோப்பா) செபார்டி மரபும் (ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, மேற்காசியா) பிரியும் இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறோம். வசன எண்கள் தமிழ் விவிலியத்தின்படி.

யூதர்களுக்குக் கட்டளைகள் பத்து மட்டும்தானா?

இல்லை, 613. ரபிகளின் (யூதச் சமயச் சட்ட அறிஞர்களின்) விவாதத் தொகுப்பான தால்முத்தில் ரபி சிம்லாய் சொன்ன கணக்கு இது: செய் என்பவை 248, செய்யாதே என்பவை 365. ஆனால் அவர் பட்டியல் தரவில்லை. பட்டியல் போட்டவர்கள் பிற்காலத்தவர்கள், அவர்கள் ஒத்துப்போகவும் இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிதேஸ் என்ற ரபி போட்ட பட்டியல்தான் இன்று பெரிதும் புழங்குகிறது. நாக்மனிதேஸ் என்ற இன்னொரு ரபி அதில் பலவற்றை அடித்துவிட்டு வேறு சேர்த்தார்.

இவற்றில் பெரும்பகுதியை இன்று யாரும் கடைப்பிடிக்க முடியாது. எருசலேம் ஆலயம் கி.பி. 70-இல் அழிந்ததோடு பலி தொடர்பான கட்டளைகள் எல்லாம் நின்றுபோயின. இன்று எங்கிருந்தாலும் செய்யக்கூடியவை செய் என்பதில் 77, செய்யாதே என்பதில் 194 என்று இஸ்ரவேல் மெயிர் காகன் என்ற ரபி தொகுத்தார்.

வேதத்தில் ஒரே ஒரு வரி. நடைமுறையில் அதற்கு நூறு விதி. எங்கிருந்து வந்தன?

"வெள்ளாட்டுக்குட்டியை அதின் தாயின் பாலிலே சமைக்கவேண்டாம்" என்ற வரியை எடுத்துக்கொள்வோம். யாத்திராகமம் 23:19, 34:26, உபாகமம் 14:21 என மூன்று இடங்களில் அதே வரி வருகிறது. தோராவில் (மோசேயின் ஐந்து ஆகமங்களில்) வெட்டியாக ஒரு சொல்லும் இல்லை என்பது ரபிகளின் அடிப்படை. ஆகவே மூன்று முறை சொன்னால் மூன்று தடை: சேர்த்துச் சமைக்காதே, உண்ணாதே, அதிலிருந்து எந்தப் பயனும் பெறாதே. இது முதல் அடுக்கு, தோராச் சட்டம். ஆடு, மாடு போன்ற தூய வீட்டு விலங்கின் இறைச்சியும் தூய விலங்கின் பாலும் ஒன்றாக வேகும்போது மட்டுமே இது பொருந்தும்.

கோழிக்குத் தாய்ப்பால் கிடையாது. ஆனாலும் கோழியையும் பாலையும் சேர்த்து உண்பதை ரபிகள் தடுத்தார்கள். கோழிக்கறிக்கும் ஆட்டுக்கறிக்கும் வேறுபாடு பார்க்காமல் மக்கள் குழம்பிவிடுவார்கள் என்பதே காரணம். இது இரண்டாம் அடுக்கு, ரபிகளின் வேலி. இது எல்லா ஊரிலும் ஒரே நாளில் வந்ததும் அல்ல. ரபி யோசே கலிலேயரின் ஊரில் கோழியைப் பாலோடு உண்டார்கள் என்று தால்முத்தே பதிவு செய்திருக்கிறது.

இறைச்சி உண்டபின் பால் அருந்த எத்தனை மணி நேரம் பொறுப்பது என்பது மூன்றாம் அடுக்கு. அங்கே பெரும்பாலும் ஊர் வழக்கம்தான் பேசும்.

எந்த அடுக்கு என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. சந்தேகம் வந்தால், விஷயம் தோராச் சட்டமாயின் கடுமையான பக்கம் போக வேண்டும். ரபிகளின் விதியாயின் தளர்வான பக்கம் போகலாம். நோயாளிக்காக, பெரும் பண நட்டத்துக்காக, குழந்தைக்காக விதியைத் தளர்த்தும் இடங்கள் பெரும்பாலும் ரபிகளின் அடுக்கில்தான் கிடைக்கும். ஆட்டுக்கறியும் பாலும் சேர்ந்து வெந்துவிட்டால் அதை நாய்க்குப் போடவும் முடியாது, ஏனென்றால் அதுவும் பயன் பெறுவதே. கோழியும் பாலும் வெந்திருந்தால் போடலாம், ஏனென்றால் அங்கே உண்பது மட்டும்தான் தடை. இரண்டு சட்டியும் பார்க்க ஒன்றுபோல்தான் இருக்கும்.

இணையத்தில் படித்துவிட்டு "யூத மதத்தில் இது கூடாதாம்" என்று பேசுகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். கூடாது என்பதிலும் படிகள் உண்டு.

"கண்ணுக்குக் கண்" என்பதை அப்படியே செய்கிறார்களா?

ரபிகளின் நீதிமன்றத்தில் அது பண இழப்பீடு. குருடன் ஒருவன் இன்னொருவனின் கண்ணைக் கெடுத்தால் எந்தக் கண்ணைப் பிடுங்குவாய் என்று தால்முத்தில் ஒரு வாதம் வருகிறது. இன்னொரு வாதம் எண்ணாகமம் 35:31-இலிருந்து: கொலைகாரனின் உயிருக்கு ஈடாகப் பணம் வாங்காதே என்று தனியாகச் சொல்லியிருப்பதால், உறுப்புக்கு ஈடாகப் பணம் வாங்கலாம் என்றாகிறது.

மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பு ஐந்து தலைப்பில் கணக்குப் போடச் சொல்கிறது: உடல் நட்டம், வலி, மருத்துவச் செலவு, வேலையிழப்பு, அவமானம். உடல் நட்டத்தைக் கணிக்க, காயம்பட்டவரை அடிமைச் சந்தையில் விற்றால் முன்பு என்ன விலை, இப்போது என்ன விலை என்று பார்ப்பார்கள். கேட்க நன்றாக இல்லை என்றாலும், அன்று கையில் இருந்த ஒரே அளவுகோல் அதுதான்.

தீர்ப்பு சொல்ல எந்த நூலைப் பார்க்கிறார்கள்? வேதத்தையா?

நேராக வேதத்தைத் திறந்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. ஏறத்தாழ கி.பி. 200-இல் ரபி யூதா ஹநாசி தொகுத்த மிஷ்னா, அதன்மேல் எழுந்த விவாதமான தால்முத், அதன்பின் தொகுப்பு நூல்கள் என்று வரிசை போகிறது. தொகுப்புகளில் தலையானது யோசேப் காரோ கலிலேயாவின் சஃபேத் நகரில் எழுதிய ஷுல்கான் அருக். 1565-இல் வெனிசில் அச்சானது. அவர் செபார்டி. அதனால் கிராகோவின் மோசே இசர்லஸ் அஷ்கெனாசி வழக்கங்களை அதே நூலில் குறிப்புகளாகச் செருகினார். இன்று அச்சிடும் பிரதியில் இருவரும் ஒரே பத்தியில் மாற்றிமாற்றிப் பேசுவார்கள்.

புதிய சிக்கலுக்கு — மின்விளக்கு, உறுப்பு மாற்று, செயற்கைக் கருத்தரிப்பு — ரபிகள் எழுதும் கேள்வி-பதில் கடிதங்கள்தான் வழிகாட்டி. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இந்த வகை எழுத்து வளர்ந்துகொண்டே வருகிறது.

சபாத் நாளில் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான ஓய்வுநாள்) வேலை செய்யக்கூடாது என்றால், கனமான மேசையை நகர்த்தலாமா?

வீட்டுக்குள் தாராளமாக நகர்த்தலாம், வியர்வை கொட்டினாலும் சரி. ஆனால் ஒரு தீக்குச்சி உரசக்கூடாது. தடுக்கப்பட்டது உழைப்பு அல்ல. ஆக்கத் தொழில்.

தோராவில் சபாத் கட்டளை ஆசரிப்புக் கூடாரம் கட்டும் பகுதியோடு ஒட்டி வருகிறது. ஆகவே கூடாரம் கட்டத் தேவைப்பட்ட தொழில்களே சபாத்தில் தடை என்று ரபிகள் எடுத்தார்கள். மிஷ்னா அவற்றை 39 என்று வரிசைப்படுத்துகிறது. உழுவது, விதைப்பது தொடங்கிச் சுடுவது வரை 11. கம்பளி கத்தரிப்பது முதல் தைப்பது, கிழிப்பது வரை துணி வேலை 13. மானைப் பிடிப்பது முதல் தோல் பதனிட்டு இரண்டு எழுத்து எழுதுவது, அழிப்பது வரை 9. பிறகு கட்டுவது, இடிப்பது, தீயை அணைப்பது, மூட்டுவது, இறுதிச் சுத்தியலடி, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமப்பது. ஒவ்வொன்றும் தலைமைத் தொழில். அதே நோக்கமோ அதே செயல்முறையோ உள்ள வேறு செயல் அதன் கிளை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது விதைப்பதின் கிளையாவது இப்படித்தான்.

கழிப்பறைக் காகிதத்தை வெள்ளிக்கிழமையே கிழித்து அடுக்கி வைப்பார்கள். கிழிப்பது 39-இல் ஒன்று என்பதே காரணம்.

சபாத்தில் அரிசியில் கல் பொறுக்கலாமா?

கூடாது. அது 'பிரித்தெடுத்தல்' என்ற தலைமைத் தொழிலே. முறத்தில் புடைப்பது, சல்லடையில் சலிப்பது இரண்டும் பட்டியலில் தனித்தனி வரிகள். ஆகையால் அரிசி, பருப்பு வேலையை எல்லாம் வெள்ளி மாலைக்குள் முடித்துவிட வேண்டும்.

ஆனால் தட்டில் இருப்பதைப் பிரிக்காமல் உண்ண முடியாதே? மூன்று நிபந்தனை ஒன்றுசேர்ந்தால் அது வேலை ஆகாது, உண்ணும் முறை ஆகும். வேண்டியதை வேண்டாததிலிருந்து எடுக்க வேண்டும், தலைகீழாக அல்ல. கையால் எடுக்க வேண்டும், சல்லடை போன்ற கருவியால் அல்ல. உடனே உண்ண எடுக்க வேண்டும், மாலைக்காகச் சேர்த்துவைக்கக் கூடாது. வேர்க்கடலையும் திராட்சையும் கலந்த கிண்ணத்தில் கடலை மட்டும் வேண்டுமென்றால் கடலையை எடுத்து வாயில் போடலாம். திராட்சையைப் பொறுக்கி ஓரமாக ஒதுக்கக் கூடாது. குழம்பில் ஈ விழுந்தால் ஈயை மட்டும் எடுப்பது சிக்கல். கொஞ்சம் குழம்போடு சேர்த்து அள்ளிக் கொட்டுவார்கள்.

பலரும் தவறுவது மூன்றாம் நிபந்தனையில். விருந்தாளிகள் வர இரண்டு மணி நேரம் இருக்கும்போதே கலவைக் கீரையிலிருந்து நல்ல இலையைத் தேர்ந்து அடுக்கினால், கையாலேயே செய்தாலும் அது தடைதான். உணவுக்கு முந்தைய தயாரிப்பு நேரம் வரையே 'உடனே' என்பது நீளும்.

அடுப்பு மூட்டக்கூடாது என்றால் சபாத்தில் சூடான டீ எப்படி?

வெந்நீர்க் கலன் வெள்ளிக்கிழமையே கொதித்து, சூடு தாங்கும் நிலையில் ஓடிக்கொண்டிருக்கும். சிக்கல் தண்ணீரில் இல்லை, தேயிலையில். தேயிலை மிக எளிதில் வேகும் பொருள். கொதிநீரை அதன்மேல் ஊற்றினாலே 'சமைத்தல்' ஆகிவிடும்.

சட்டம் பாத்திரங்களைத் தலைமுறையாகப் பார்க்கிறது. தீயில் சூடான பாத்திரம் முதல் பாத்திரம், அடுப்பை விட்டு இறக்கினாலும் முதல்தான். அதன் சுவரே சூடாக இருப்பதால் அது சமைக்கும். அதிலிருந்து ஊற்றிய கோப்பை இரண்டாம் பாத்திரம்; அதன் சுவர் குளிர்ந்தது, சூட்டை இழுத்துக்கொள்ளும், பொதுவாகச் சமைக்காது. மூன்றாம் பாத்திரம் இன்னும் பாதுகாப்பு. கை பட்டால் சுருக்கென்று பின்வாங்கும் சூடுதான் எல்லை. எச்சரிக்கையாக 45 டிகிரி செல்சியஸ் என்று எடுத்துக்கொள்வார்கள்.

சிறந்த வழி, வெள்ளிக்கிழமையே கெட்டியான டிகாக்‌ஷன் போட்டு வைப்பது. சபாத்தில் காய்ந்த கோப்பையில் வெந்நீர் பிடித்து, அதில் டிகாக்‌ஷனை ஊற்ற வேண்டும். கோப்பை ஏன் காய்ந்திருக்க வேண்டும்? கழுவிய ஈரத்துளி பச்சைத் தண்ணீர். கலனிலிருந்து நேராக விழும் கொதிநீர் அந்தத் துளியைச் சமைத்துவிடும். டிகாக்‌ஷனைக் கோப்பையில் முதலில் ஊற்றி, அதன்மேல் கலனைத் திறந்தால் ஆறிய திரவத்தை மறுபடி சமைத்ததாகும். வரிசை மாறக்கூடாது. டிகாக்‌ஷன் போட மறந்தவர்கள் மூன்றாம் கோப்பைக்கு மாற்றி அதில் டீ பை போடுவார்கள். இதைச் சிலர் ஏற்பார்கள், சிலர் ஏற்கமாட்டார்கள்.

அடுப்பில் விட்ட சபாத் குழம்பிலும் (அஷ்கெனாசிகளுக்குச் சோலெண்ட், செபார்டிகளுக்கு ஹமீன்) இதே கண் வேண்டும். முழுதும் வேகாத நிலையில் மூடியைத் திறந்தால் திரும்ப மூடக்கூடாது, மூடுவது வேகலை விரைவாக்கும். கரண்டியால் கிளறுவதும் அப்படியே.

மின்சாரம் எந்த அடுக்கு?

மிஷ்னாவில் மின்சாரம் இல்லை என்பதால் சண்டை இங்கே சுவையானது. பழைய குண்டு பல்பில் இழை சிவக்கக் காய்கிறது. உலோகத்தைச் சிவக்கச் சூடாக்குவது தீ மூட்டலே என்று பலர் எடுத்தார்கள். அது தோரா அடுக்கு. விசிறி, எல்.ஈ.டி. விளக்கு ஆகியவற்றில் காயும் இழை இல்லை. அங்கே கசோன் இஷ் என்று அறியப்படும் ரபி (1878–1953), சுற்றை இணைப்பது செத்துக் கிடந்த கருவியை உயிர்ப்பிப்பதால் 'கட்டுதல்' என்றார். எருசலேமின் ஷ்லோமோ சல்மான் ஆவர்பாக் (1910–1995) அந்த வாதத்தை ஏற்கவில்லை. நாளுக்குப் பலமுறை திறந்து மூடும் கதவைப் போன்றதுதான் சுவிட்ச் என்பது அவர் கட்சி. ஆனாலும் ஊரே தடை என்று ஏற்றுக்கொண்ட பின் யாரும் தொடக்கூடாது என்று முடித்தார்.

காரணத்தில் உடன்பாடு இல்லை, முடிவில் உடன்பாடு உண்டு. நோயாளிக்காகத் தளர்த்தும்போதுதான் இந்த வேறுபாடு வேலைக்கு வரும்.

நடைமுறையில்: டைமரை வெள்ளிக்கிழமையே வைத்துவிடலாம். அதிலும் அமெரிக்க ரபி மோசே ஃபைன்ஸ்டைன் விளக்குக்கு மட்டும் இடம் கொடுத்தார், சமையல் கருவிகளுக்குத் தரவில்லை. ஃபிரிட்ஜின் உள்விளக்கைக் கழற்றிவிட மறப்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கும் தவறு. சனிக்கிழமை காலையில் பால் உள்ளே இருக்கும், கதவைத் திறக்க முடியாது.

வீட்டுச் சாவியை எப்படி எடுத்துப்போவது?

தெருவில் சுமப்பது தடை. பகுதியைச் சுற்றி 'எருவ்' எல்லை இருந்தால் சுமக்கலாம். அது சுவராகவோ, கம்பங்களும் மேலே ஓடும் கம்பியுமாகவோ இருக்கலாம். கம்பங்கள் குறைந்தது 10 கைப்பிடி உயரம், ஏறத்தாழ 80 முதல் 100 செ.மீ. கம்பி கம்பத்தின் உச்சிமேல் போக வேண்டும். வாசல் நிலையின் உத்தரம் மேலேதான் உட்காரும், ஆகவே பக்கவாட்டில் கட்டினால் செல்லாது. மின்வாரியக் கம்பங்களைப் பயன்படுத்தும் ஊர்களில் அடிக்கடி பிசகுவது இதுதான். புயலடித்த வாரம் வெள்ளிக்கிழமை சோதித்து, அறுந்திருந்தால் ஊருக்கு அறிவிப்பார்கள். அன்று சாவியை இடுப்புப் பட்டையின் கொக்கியாகவே மாற்றி அணிந்து போவார்கள். அணிவது சுமப்பதல்ல.

சபாத்தில் ஒருவருக்கு நெஞ்சு வலி. ரபியைக் கேட்டுவிட்டு ஆம்புலன்சை அழைக்கலாமா?

கேட்கக்கூடாது. அழையுங்கள். "விரைகிறவன் புகழத்தக்கவன், நின்று கேட்கிறவன் இரத்தம் சிந்துகிறவன்" என்பது ஷுல்கான் அருக்கின் தீர்ப்பு. லேவியராகமம் 18:5 கட்டளைகளால் மனிதன் பிழைப்பான் என்கிறது. அவற்றால் சாகக்கூடாது என்று தால்முத் அதை விரிக்கிறது. ஆபத்து உறுதியாகத் தெரிய வேண்டியதில்லை, சந்தேகம் போதும். பக்கத்தில் யூதரல்லாதவரைத் தேடி ஓடுவதும் தேவையில்லை. பெரியவர்களே, அறிந்தவர்களே முன்வந்து செய்ய வேண்டும். இல்லையென்றால் பார்த்து நிற்பவர்கள் இது தயங்க வேண்டிய காரியம் என்று கற்றுக்கொள்வார்கள்.

உயிருக்காகவும் மீறக்கூடாதவை மூன்று மட்டும்: பிற தெய்வ வழிபாடு, கொலை, தகாத உடலுறவு.

யோம் கிப்பூர் (பாவநிவாரண நாள்) நோன்பும் சர்க்கரை நோயும்?

நோன்பு 25 மணி நேரம், தண்ணீரும் இல்லை. ஆபத்து என்று மருத்துவர் சொன்னால் உண்பது அனுமதி அல்ல, கடமை. ஆபத்து இருந்தும் சிறு அளவே போதுமானால் குறைத்து உண்ணும் முறை ஒன்று உண்டு: ஒரு முறைக்கு 30 மி.லி.க்கும் குறைவான உணவு, பிறகு ஏறத்தாழ 9 நிமிட இடைவெளி, மறுபடி அதே அளவு. பானம் ஒரு கன்னம் நிறையும் அளவுக்கும் குறைவாக, பெரியவருக்கு ஏறத்தாழ 40 மி.லி.க்குள். இந்த அளவுகளுக்கு உள்ளே இருந்தால் முழு தோராத் தண்டனைக்குரிய 'உண்ணல்' ஆகாது. சர்க்கரை திடீரென இறங்கிவிட்டால் கோப்பையையும் கடிகாரத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு வேண்டிய அளவு உண்ண வேண்டும். இன்சுலின் அளவு மாற்றம் வேண்டுமா என்பதை மருத்துவரிடம் சில வாரம் முன்பே கேட்டு வைப்பதுதான் சரி.

இறைச்சி உண்டபின் பாலுக்கு எத்தனை மணி நேரம்?

பெரும்பாலோர் 6. ஜெர்மானிய யூதர்கள் 3, டச்சு யூதர்கள் 1. தால்முத்தில் மார் உக்வா, என் தந்தை இன்று இறைச்சி உண்டால் நாளை இதே நேரம்தான் பாலாடைக்கட்டி உண்பார், நான் அடுத்த வேளைக்கு உண்பேன் என்கிறார். அந்த 'அடுத்த வேளை' எவ்வளவு என்பதிலேயே இத்தனை வழக்கமும் பிறந்தன. குடும்ப வழக்கமே அளவு. வசதிக்காக வேறொரு நாட்டு வழக்கத்துக்குத் தாவக்கூடாது.

மறுபக்கம், பாலுக்குப் பின் இறைச்சி எளிது: வாய் கொப்பளித்து, ரொட்டி போல ஏதாவது மென்று, கை கழுவினால் போதும். ஆறு மாதம் பதப்படுத்திய கெட்டிப் பாலாடைக்கட்டிக்கு மட்டும் அஷ்கெனாசிகள் இங்கும் 6 மணி பார்ப்பார்கள்.

கொதிக்கும் கறிக்குழம்பில் பால் கரண்டியை (பால் உணவுக்கென்றே வைத்த கரண்டியை) விட்டுவிட்டேன். எல்லாம் போச்சா?

பெரும்பாலும் போகாது. கரண்டியை எடுத்துத் தனியாக வையுங்கள், குழம்பைப் பரிமாறாதீர்கள், எதையும் கழுவாதீர்கள், குழம்பில் தண்ணீரும் சேர்க்காதீர்கள். ரபி கேட்கப்போவது இவை: குழம்பு 45 டிகிரிக்கு மேலா? அந்தக் கரண்டி கடந்த 24 மணி நேரத்தில் சூடான பாலில் பட்டதா? எவ்வளவு ஆழம் முங்கியது? குழம்பு மொத்தம் எவ்வளவு?

கணக்கு 60-க்கு 1. முங்கிய கரண்டிப் பகுதியின் பருமனைப் போல் 60 மடங்கு குழம்பு இருந்தால் குழம்பு தப்பியது. கரண்டி எவ்வளவு பால் உறிஞ்சியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால், கரண்டி முழுவதும் பால் என்று வைத்துக் கணக்கிட வேண்டும். அளவிட எளிய வழி: அதே போன்ற இன்னொரு கரண்டியை அளவுக் குவளைத் தண்ணீரில் அதே ஆழம் முக்கி, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. 15 மி.லி. ஏறினால் 900 மி.லி. குழம்பு தேவை. நேராகப் பால் சிந்தியிருந்தால் 5 மி.லி. பாலுக்கு 300 மி.லி.

கரண்டி 24 மணி நேரம் சும்மா கிடந்ததென்றால், உள்ளே உறிஞ்சிய சுவை கெட்டுப்போனதாகக் கொள்வார்கள். அப்போது 60 மடங்கு இல்லாவிட்டாலும் நடந்தது நடந்தபின் குழம்பு செல்லும். வெங்காயம், பூண்டு போன்ற காரப் பொருளே பெரும்பகுதி என்றால் இந்தச் சலுகை இல்லை, காரம் பழைய சுவையை எழுப்பிவிடும். எப்படியானாலும் கரண்டியைச் சுத்திகரிக்க வேண்டும்.

60 மடங்கு வரட்டும் என்று வேண்டுமென்றே குழம்பைப் பெருக்கினால், பெருக்கியவருக்கு அது தடை. கணக்கு விபத்துக்குத்தான், வழிமுறைக்கல்ல.

கரண்டியைச் சுத்திகரிப்பது எப்படி?

உறிஞ்சிய வழியே வெளியேறும் என்பது விதி. கொதிநீரில் உறிஞ்சியது கொதிநீரில் போகும். அழுக்கு, துரு, ஒட்டிய பசை எல்லாம் போகத் தேய்க்க வேண்டும். 24 மணி நேரம் சூடான எதிலும் பயன்படுத்தாமல் வைக்க வேண்டும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவெனக் கொதிக்கும்போது முழுதும் முக்கி எடுத்து, குளிர்ந்த நீரில் அலச வேண்டும். ஒரே நேரத்தில் பத்துக் கரண்டியைக் கொட்டினால் கொதி அடங்கிவிடும், ஒன்றோடொன்று ஒட்டிய இடத்தில் நீர் படாது, ஒவ்வொன்றாகப் போடுங்கள். மரப்பிடி இடுக்கில் அழுக்கு தங்கும் கத்தி இதற்குத் தேறாது. எண்ணெயின்றி நேரடித் தீயில் சுட்ட கம்பிக்குக் கொதிநீர் போதாது, தீயிலேயே பழுக்கக் காய்ச்ச வேண்டும். மண்பாண்டத்துக்கு வழியே இல்லை. லேவியராகமம் 6:28 அதை உடைக்கச் சொல்கிறது.

எந்த மீன் கோஷர் (சட்டப்படி உண்ணத் தகுந்தது)?

செதிலும் துடுப்பும் உள்ளது. தோலைக் கிழிக்காமல் செதில் கழன்று வர வேண்டும். கெண்டை, கட்லா, ரோகு சரி. கெளுத்தி, விலாங்கு, சுறா, திருக்கை ஆகாது. இறால், நண்டு, கணவாய் பேச்சே இல்லை. செதில் உள்ள எதற்கும் துடுப்பு உண்டு என்பது மிஷ்னாவின் விதி, ஆகவே துண்டு மீன் வாங்குபவர் தோலில் செதிலைப் பார்த்தால் போதும். தோலுரித்த துண்டை நம்பி வாங்கக்கூடாது.

திருப்பதி முடிக்கும் யூதச் சட்டத்துக்கும் என்ன தொடர்பு?

மணமான ஆர்த்தடாக்ஸ் பெண்கள் கூந்தலை மறைப்பார்கள். அஷ்கெனாசிகளில் பலர் அதற்கு விக் அணிவார்கள், நல்ல விக் மனித முடியால் ஆனது. பக்தர்கள் மழிக்கும் முடியைத் திருமலை தேவஸ்தானம் ஏலத்தில் விற்கிறது, அதில் ஒரு பகுதி உலக விக் சந்தைக்குப் போகிறது. பிற தெய்வத்துக்குப் படைத்த பொருளிலிருந்து எந்தப் பயனும் பெறக்கூடாது என்பது ஹலகாவின் மிகக் கடுமையான தடைகளில் ஒன்று. எந்த வழியிலும் அந்தத் தடை நீங்காது, 60 மடங்குக் கணக்கும் உதவாது.

அப்படியானால் அந்த முடி படையலா? எல்லாப் படையலும் இந்தத் தடைக்குள் வராது. எருசலேம் ஆலயத்தில் நடந்த வழிபாட்டுச் செயலுக்கு ஒப்பாக — பலியை அறுப்பதுபோல, ஒன்றை உடைத்துப் படைப்பதுபோல — அந்தச் செயலே வழிபாடாக இருக்க வேண்டும் என்று தால்முத் வரையறுக்கிறது. மழிப்பதே வழிபாடா, அல்லது வழிபாட்டுக்கு முன் அழகைத் துறக்கும் தயாரிப்பா? பக்தரின் எண்ணத்தைப் பார்ப்பதா, மழிக்கும் நாவிதரின் எண்ணத்தையா? மழிப்பது சன்னிதியில் அல்ல, கல்யாணகட்டாவில், அது பொருட்டா? முடி பெருமாளுக்குப் போகிறதா, அல்லது கழிவாக ஒதுக்கப்பட்டுப் பிறகு விற்பனைக்குப் போகிறதா?

எருசலேமின் ரபி யோசேப் ஷாலோம் எலியாஷிவ், தமக்கு முதலில் வந்த தகவலை வைத்து முன்பு அனுமதித்திருந்தார். 2004-இல் லண்டனின் ரபி அகரோன் டன்னர் திருப்பதிக்கே நேரில் அனுப்பப்பட்டார். பக்தர்கள் மழிப்பதையே காணிக்கையாகக் கருதுகிறார்கள் என்று அவர் கொண்டுவந்த சாட்சியத்தின்பேரில் எலியாஷிவ் தடை என்று தீர்ப்பளித்தார். அந்த மே மாதம் புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் தெருக்களில் விக்குகளைப் போட்டு எரித்தார்கள்.

எதிர்க்கட்சி இருந்தது. முடியை விடுவது பணிவின் அடையாளம், பெருமாள் முடியை வாங்கிக்கொள்வதாக யாரும் நினைக்கவில்லை என்றார்கள் சிலர். வேறு சிலர், சந்தையில் கிடக்கும் முடியில் பெரும்பகுதி வேறிடத்தது, ஆகவே மூலம் தெரியாத விக்கைப் பெரும்பான்மை விதிப்படி அனுமதிக்கலாம் என்றார்கள். கடுமைக் கட்சி, இது தோரா அடுக்கு, சந்தேகம் வந்தாலே ஒதுக்கு என்றது. செபார்டி தலைவர் ஒவாதியா யோசேப்புக்கு இந்தச் சண்டையே தேவைப்படவில்லை, அவர் விக் அணிவதையே ஏற்காதவர்.

கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டு தீர்ப்புக்கும் நடுவே சட்டத்தில் ஒரு வரியும் மாறவில்லை. திருமலையில் என்ன நடக்கிறது என்ற தகவல்தான் மாறியது. எலியாஷிவின் தீர்ப்பை ஏற்பவர்கள் இன்று முடியின் மூலத்துக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள், இல்லையேல் செயற்கை முடிக்குப் போகிறார்கள். பழனியிலும் முடி காணிக்கையும் ஏலமும் உண்டு, அதனால் கேள்வி திருமலையோடு நிற்கவில்லை.

பஸ்கா பண்டிகையில் சோறு உண்ணலாமா?

செபார்டிகளில் பெரும்பாலோர் உண்பார்கள், அரிசியை மூன்று முறை பார்த்து, கோதுமை மணி கலந்திருக்கிறதா என்று பொறுக்கிய பின். அஷ்கெனாசிகள் அரிசியும் பருப்பும் தொடமாட்டார்கள். பஸ்காவில் புளித்த மாவுக்குத் தோராவில் உள்ள தடை கோதுமை, வாற்கோதுமை போன்ற ஐந்து தானியத்துக்குத்தான், அரிசி அதில் இல்லை. அரிசியை ஒதுக்குவது வழக்க அடுக்கு. ஆகவே நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் தளர்த்துவார்கள். ஆர்த்தடாக்ஸ் அல்லாத கன்சர்வேடிவ் இயக்கத்தின் சட்டக் குழு 2015-இல் எல்லோருக்கும் அனுமதித்தது.

ரபியிடம் கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

தீர்ப்பை அல்ல, தகவலைக் கொண்டுபோங்கள். பொருள் எது, சூடா குளிரா, எத்தனை மணி, எவ்வளவு அளவு, வேண்டுமென்றா தவறியா, நடந்துவிட்டதா இனிமேலா. கடைசிக் கேள்வி முக்கியம்: முன்கூட்டிக் கேட்டால் கூடாது என்று வரும் பல செயல்கள், நடந்தபின் கேட்டால் செல்லும் என்று வரும். உங்கள் குடும்பம் எந்த மரபு, யாருக்காவது நோய் உண்டா, கொட்டினால் எவ்வளவு பணம் போகும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பண நட்டத்தையும் சட்டம் கணக்கில் எடுக்கும்.

ஒரு ரபி தடை என்று சொல்லிவிட்டால், அனுமதி கிடைக்கும்வரை வேறு ரபிகளைத் தேடி அலையக்கூடாது. முதலாமவருக்குத் தெரியாத தகவல் பிறகு கையில் வந்தால் அவரிடமே திரும்பப் போகலாம்.